பிள்ளையை இழந்த வீடு: குற்றவுணர்வைப் புரிந்துகொண்ட ஒரு நூற்றாண்டு

மணிமேகலையில் கோதமை என்றொரு தாய் வருகிறாள். மகன் சார்ங்கலன் சுடுகாட்டில் அஞ்சி உயிர்விட, அவன் உடலைத் தூக்கிக்கொண்டு சம்பாபதியின் முன் நிற்கிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு இவன் உயிரைத் தா, கண்ணில்லாத என் கணவனை இவன் காப்பாற்றுவான் என்று மன்றாடுகிறாள். தெய்வம் மறுத்தும் அவள் விடவில்லை. பிள்ளை போய்த் தான் மிஞ்சியதை அவளால் ஏற்க முடியவில்லை. துயர ஆய்வு என்ற துறை இந்தத் தாயை நெருங்க ஏறத்தாழ நூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

துறையின் தொடக்கம் 1917இல் வெளிவந்த ஃபிராய்டின் கட்டுரை. இறந்தவர்மேல் வைத்த பற்றை மனம் சிறிது சிறிதாக விலக்கிக்கொள்வதே துக்கத்தின் வேலை என்றார் அவர். தன்னையே பழித்துக்கொள்வது இயல்பான துக்கத்தில் இராது, அது நோயின் அடையாளம் என்றும் பிரித்தார். 1920 ஜனவரியில் அவருடைய மகள் சோஃபி இன்ஃபுளுவென்சாவில் இறந்தார். 1929இல், சோஃபி இருந்திருந்தால் 36 வயது நிறையும் நாளில், மகனை இழந்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு ஃபிராய்ட் கடிதம் எழுதினார். அந்த இடத்தை வேறெதுவும் நிரப்பாது, நிரம்பாமல் இருப்பதே சரி என்பது அதன் சாரம். கோட்பாட்டாளர் எழுதியதைத் தகப்பன் திருத்தினார். ஆனால் துறை நெடுங்காலம் கோட்பாட்டையே பிடித்துக்கொண்டிருந்தது.

திருப்பம் பெற்றோரிடமிருந்தே வந்தது. அமெரிக்காவில் டென்னிஸ் கிளாஸ் என்ற ஆய்வாளர், பிள்ளையை இழந்த பெற்றோர் கூடிப் பேசும் குழுவொன்றோடு பல ஆண்டுகள் பழகினார். அவர்கள் பிள்ளையை விட்டுவிடவில்லை. பிறந்தநாளை நினைவில் வைத்தார்கள், மனத்துக்குள் பேசினார்கள், முடிவெடுக்கும்போது அவனாக இருந்தால் என்ன சொல்வான் என்று யோசித்தார்கள். அப்படியே வாழவும் செய்தார்கள். 1996இல் கிளாஸும் சில்வர்மனும் நிக்மனும் தொகுத்த நூல், உறவு தொடர்வது நோயல்ல என்று நிலைநாட்டியது.

குற்றவுணர்வைத் தனியே எடுத்து ஆராய்ந்தவர்கள் மார்கரெட் மைல்ஸும் ஆலிஸ் டெமியும். 1980களில் அவர்கள் அதை வகைப்படுத்தினார்கள்: சாவுக்கு நானே காரணம் என்பது ஒன்று, நல்ல தாயாக, தகப்பனாக இருக்கத் தவறினேன் என்பது ஒன்று, எப்போதோ செய்த பாவத்துக்கு இது தண்டனை என்பது ஒன்று, நான் மட்டும் இருக்கிறேனே என்பது இன்னொன்று. இந்தப் பகுப்பு எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது. ‘இன்னும் ஒருநாள் முன்னாடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா’ என்று புலம்பும் தாய்க்கும், ‘யாருக்கு என்ன கெடுதல் செஞ்சேனோ’ என்று கேட்கும் தாய்க்கும் ஒரே ஆறுதல் பொருந்தாது.

உறக்கத்தில் கைக்குழந்தை திடீரென இறந்துபோகும் தொட்டில் மரணத்தின் வரலாறு, பெற்றோரின் குற்றவுணர்வை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. மேலைநாடுகளில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு, கைக்குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொல்லியே மருத்துவ நூல்கள் அறிவுறுத்தின. 1991இல் பிரிட்டனும் 1994இல் அமெரிக்காவும் மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்று இயக்கம் நடத்தியதும் இறப்புகள் வேகமாகக் குறைந்தன. ஆபத்தைக் காட்டும் சான்று 1970இலேயே கிடைத்திருந்தது, கவனித்திருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகள் பிழைத்திருக்கக்கூடும் என்று ரூத் கில்பர்ட் குழுவினர் 2005இல் கணக்கிட்டனர். பழி பெற்றோருடையதல்ல. ஆனால் படுக்கவைத்த கை அவர்களுடையது. ‘உங்கள் தப்பில்லை’ என்ற சொல் முழு உண்மையாக இருந்தும் போதாமல் போவது இதனால்தான்.

நம் கரையில் இதே பாரத்தை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இறக்கிவைத்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் குழந்தைகள் ஏராளம். பிள்ளை கைநழுவிப் போன தாய்மார் பலர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள். கருக்குழாயை மீண்டும் இணைக்கும் சிகிச்சைக்கு அரசு உதவியது. அந்தக் குடும்பங்களும் அதை விரும்பின. பிறந்த குழந்தைகள் வீட்டை மீட்டார்கள் என்பது உண்மை. ஆனால் போன பிள்ளையின் இடத்தில் வளர்க்கப்படும் குழந்தை சுமக்கும் பாரத்தை ஆல்பர்ட் கேன், பார்பரா கேன் இருவரும் 1964இலேயே எச்சரித்திருந்தனர். புதிய குழந்தைக்குத் தன் பெயரும் தன் முகமும் வேண்டும்.

இழப்பு ஒன்றானாலும் வீட்டில் ஆளுக்கொரு துக்கம். துயரப்படுபவர் இழப்பின் பக்கமும் அன்றாடத்தின் பக்கமும் மாறிமாறிச் சாய்கிறார் என்று நெதர்லாந்தின் ஸ்ட்ரோபும் ஷூட்டும் 1999இல் எழுதினர். கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் சாய்வதில்லை. அவள் படத்தின் முன் அழும்போது அவன் வேலைக்குக் கிளம்புகிறான். அவருக்கு மனசே இல்லை என்று அவள் நினைக்கிறாள். மகனுக்கு வண்டி வாங்கிக் கொடுத்தவன் தானே என்பதால் அவன் வாய் திறக்காமல் இருக்கலாம். ‘செத்துப் போ’ என்று சண்டையில் சொன்ன தம்பி, அந்தச் சொல்தான் அண்ணனைக் கொன்றது என்று நம்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கலாம்.

துக்கம் உடலையும் தின்னும். பிள்ளையை இழந்த தாய்மாரிடையே இறப்பு விகிதம் மற்றத் தாய்மாரைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு அதிகம் என்று டென்மார்க் ஆய்வொன்று 2003இல் காட்டியது. 2022இல் அமெரிக்க மனநல வகைப்பாடு நீடித்த துயரத்தை நோயாகச் சேர்த்தது. பெரியவர்களுக்கு ஓராண்டு எல்லை. உதவி கிடைக்க இது வழி செய்யும். ஆனால் பிள்ளையை இழந்தவர்க்குப் பன்னிரண்டு மாதம் ஒரு கணக்கே அல்ல என்பதை மருத்துவர் மறந்துவிடக் கூடாது.

நம் ஊரில் துக்கம் விசாரிக்க வருவோர் ‘விதி’ என்கிறார்கள், ‘இன்னொண்ணு பெத்துக்கலாம்’ என்கிறார்கள். சில வீடுகளில் ‘பிள்ளையைப் பார்த்துக்கத் தெரியலை’ என்ற பழி மருமகள்மேல் விழுகிறது. மிகச் சிறு குழந்தை என்றால் பல சமூகங்களில் சடங்கும் குறைவு. நூற்றாண்டு ஆய்வு நமக்குத் தரும் பாடம் எளியது. குற்றவுணர்வு, காக்கும் கடமை காப்பதற்குப் பிள்ளை இல்லாமலும் தொடர்வது. அதை மறுத்து வாயடைக்க வேண்டாம். அந்தத் தாயும் தகப்பனும் அன்று நடந்ததைச் சொல்லட்டும். பத்தாவது முறை சொன்னாலும் கேட்போம். பிள்ளையின் பெயரை நாமும் சொல்வோம். எத்தனை பிள்ளைகள் என்ற கேள்விக்கு அவர்கள் போன பிள்ளையையும் சேர்த்து எண்ணினால், அந்த எண்ணிக்கையே சரியானது என்று ஏற்போம்.