மழையில் ஒரு கோல்ஃப் சுற்று: எப்படி ரசிப்பது?

கோல்ஃபைத் தொலைக்காட்சியில் பார்த்துச் சலித்துப்போனவர்கள், மலைநாட்டு மைதானம் ஒன்றில் சாரல் பிடித்த நாளாகப் பார்த்து, வாராவாரம் கூடி ஆடும் ஒரு சாதாரணக் குழுவின் பின்னால் ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். வெயில் நாளில் இந்த ஆட்டம் தூரத்தில் பறக்கும் வெள்ளைப் புள்ளி மட்டுமே. மழை வந்துவிட்டால் ஆடுகிறவரின் கையும் காலும் யோசனையும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கின்றன. பரிசுப் பணமும் இல்லை, கைதட்டக் கூட்டமும் இல்லை. பிறகு ஏன் நனைந்துகொண்டு ஆடுகிறார்கள்? கூடவே நடந்தால் புரியும்.

ஏலப்பாறைக்காரர்களுக்கு மழையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னையில் ஓராண்டு பெய்யும் மழையைப் போல இரு மடங்குக்கு மேல் நம் பீருமேட்டு மலைகளில் கொட்டுகிறது. ஆனால் கோல்ஃப் பார்க்க வேண்டுமென்றால், கட்டப்பனை வழியாகச் சுற்றி மூணாறுக்குப் போக வேண்டும். அந்த ஊருக்கும் நம் பக்கத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. பீருமேட்டில் ஏலமலைகளின் கண்காணிப்பாளராக இருந்த ஜான் டேனியல் மன்றோதான் 1877இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். அவருக்குப் பின் வந்த தோட்டத் துரைகள் தேயிலை நட்டார்கள். தங்கள் ஊர் ஆட்டத்தையும் உடன் கொண்டுவந்தார்கள். மூணாறு ஹை ரேஞ்ச் கிளப்பின் ஒன்பது குழி மைதானம் அப்படி வந்ததுதான். கிளப்பின் மதுக்கூடத்துச் சுவரில், நெடுங்காலம் வேலை பார்த்து விடைபெற்ற துரைகளின் தொப்பிகள் இன்றும் மாட்டியிருக்கின்றன. தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் 1895இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பும் ஊட்டி ஜிம்கானா மைதானமும் இருக்கின்றன. இவை கிளப்புகள் என்பதால் உறுப்பினர் யாரையாவது கேட்டுக்கொண்டோ, அங்கே தங்கும் விருந்தினராகவோ போவது நல்லது.

எந்த மழையில் போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இடவப்பாதியில் தொடங்கி ஆடி முழுக்க நீளும் தென்மேற்கு மழை காற்றும் மூடுபனியும் கலந்த மழை. நாள்கணக்கில் விடாது, ஆனால் இடி மின்னல் குறைவு. சித்திரை வைகாசிக் கோடை மழையும், மலையாளத்தில் துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழையும் அப்படியல்ல. காலையில் வெயில் காயும், பிற்பகலில் வானம் கறுத்து இடி இறங்கும். திறந்த புல்வெளியில் இரும்பு மட்டையோடு நிற்கிறவருக்கு அது உயிர் ஆபத்து. கோல்ஃப் விதிகளும் இந்த வேறுபாட்டை அறிந்தவைதான். மழை பெய்கிறது என்பதற்காக மட்டும் போட்டியில் ஒருவர் ஆட்டத்தை நிறுத்தக் கூடாது. மின்னல் ஆபத்து என்று நியாயமாக நினைத்தால், யாரையும் கேட்காமல் அந்த இடத்திலேயே நிறுத்தலாம். நீளமாக ஒரே ஊதல் கேட்டால் உடனே ஆட்டத்தை விட வேண்டும் என்று பொருள். பார்க்கப் போன நீங்களும் அதே நொடியில் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மரத்தடியில் ஒதுங்க வேண்டாம்.

இனி ஆட்டம். முதலில் பந்து விழும் இடத்தைப் பாருங்கள், அடிக்கிறவரை அல்ல. காய்ந்த தரையில் பந்து விழுந்தபின் எவ்வளவோ தூரம் உருளும். தப்பான அடியைக்கூட அந்த உருளல் காப்பாற்றிவிடும். ஈரத்தில் அந்தச் சலுகை கிடையாது. விழுந்த இடத்திலேயே நிற்கும், சில சமயம் வயலில் ஊன்றிய நாற்றுபோல் மண்ணுக்குள் போய்விடும். அப்படிப் புதைந்த பந்தை அபராதம் இல்லாமல் எடுத்துப் பக்கத்தில் போட்டு ஆட விதி இடம் கொடுக்கிறது. உருளல் இல்லாததால் ஒவ்வொரு அடியும் தன் பலத்தில் மட்டும் போய்ச் சேர வேண்டும். யாருடைய அடி உண்மையில் நல்ல அடி என்பது மழை நாளில்தான் சுத்தமாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

அடுத்து மட்டைத் தேர்வு. பையில் அதிகபட்சம் 14 மட்டைகள். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் ஊட்டி, கொடைக்கானலில் காற்று கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. பந்து வழக்கத்தைவிடத் தூரம் போகும். மழை அந்த லாபத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. ஈரக் காற்று கனமானது, அதனால்தான் பந்து போவதில்லை என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. அதே வெப்பத்தில் ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிடச் சற்று லேசானது. தூரம் குறைவதற்குக் குளிர் ஒரு காரணம். எதிர்க்காற்று ஒரு காரணம். மழைக்கோட்டுக்குள் தோள் முழுதாகத் திரும்பாதது இன்னொன்று. மட்டை முகத்துக்கும் பந்துக்கும் நடுவே புகுந்த தண்ணீர் சுழற்சியைக் குலைத்துவிடுவதும் உண்டு. வழக்கமாக ஏழாம் எண் மட்டை எடுக்கும் இடத்தில் ஒருவர் இன்னும் தூரம் அனுப்பும் ஆறையோ ஐந்தையோ உருவி, வேகமாக வீசாமல் நிதானமாக அடித்தால், அவர் மழையைப் படித்தவர் என்று தெரிந்துகொள்ளுங்கள். அதே ஏழை எடுத்துப் பல்லைக் கடித்து வீசுகிறவரின் பந்து முன்னால் இருக்கும் மணல் குழியில்தான் இறங்கும்.

கைகளையும் கவனியுங்கள். அனுபவசாலி குடையின் உட்பக்கக் கம்பியில் துண்டைத் தொங்கவிட்டிருப்பார். மட்டையின் பிடி கடைசி நொடிவரை குடைக்குள்ளேயே இருக்கும். துடைத்து, எடுத்து, நின்று, அடிப்பார். யோசனை எல்லாம் குடைக்குள் முடிந்துவிடும். வெயில் நாளில் பத்து முறை ஒத்திகை வீச்சு வீசிப் பார்க்கிறவர்கூட மழையில் ஒரே வீச்சோடு ஆடிவிடுவார். அந்தச் சுருக்கம் பார்க்க அழகாக இருக்கும். குழியைச் சுற்றிய கிரீனுக்கு வந்ததும் வேகம் மாறும். நனைந்த புல்லில் பந்து மெல்லப் போகும், வளைவும் குறையும். குழிக்கு எட்டாமல் நின்றுவிடும் பந்துகளே அதிகம். துணிந்து நேராகத் தட்டுகிறவருக்கு அன்று காலம்.

தேங்கிய தண்ணீருக்கு ஒரு தனி விதி உண்டு. காலை அழுத்தி மிதிக்காமல் சாதாரணமாக நின்றாலே தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தால் அது தற்காலிகத் தண்ணீர். அபராதமில்லாமல் விலகி ஆடலாம். வெறும் பனித்துளி அந்தக் கணக்கில் சேராது. நண்பர்கள் நால்வர் ஒரு குட்டையைச் சுற்றி நின்று, தண்ணீர் தெரிகிறதா இல்லையா என்று பேசி முடிவுக்கு வருவதைப் பாருங்கள். நடுவர் யாரும் கிடையாது; ஆடுகிறவரின் சொல்லே சாட்சி. எனக்குச் சலுகை வேண்டாம், கிடக்கும் இடத்திலிருந்தே அடிக்கிறேன் என்று ஒருவர் சொல்வதையும் கேட்கலாம். இத்தனை பெரிய புல்வெளியில் நேர்மையை அவரவர் பொறுப்பில் விட்டுவைத்திருக்கும் விளையாட்டு இது. அதனால்தான் எனக்கு இதன்மேல் மரியாதை.

கணக்கை எப்படிப் பார்ப்பது? இங்கே இங்கிலாந்து மருத்துவர் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். லிவர்பூலுக்கு அருகே கடலோரத்தில் இருக்கும் வாலசி மைதானத்தில் காற்று ஆளைத் தள்ளும். அங்கே ஆடிய டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு, ஒரே ஒரு குழியில் சறுக்கினால் முழு ஆட்டமும் பாழாகிவிடுகிறதே என்று பார்த்து, அடிகளைக் கூட்டுவதற்குப் பதில் குழிக்குக் குழி புள்ளி கொடுக்கும் முறையை வகுத்தார். 1898லேயே வேல்ஸில் ஒரு முறை முயன்ற யோசனை அது; 1932இல் வாலசியில் போட்டியாக நடந்தபின் உலகெங்கும் பரவியது. ஆடுகிறவரின் தரத்துக்கேற்ற ஹேண்டிகேப் சலுகை அடிகளைக் கழித்தபின், அந்தக் குழிக்குக் குறித்த அடிகளில் முடித்தால் 2 புள்ளி, ஓர் அடி கூடினால் 1, ஓர் அடி குறைந்தால் 3. இரண்டோ அதற்கு மேலோ கூடினால் பூஜ்யம், அவ்வளவுதான். சேற்றில் ஒன்பது அடி அடித்துத் திணறுகிறவர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். வாராந்திரக் குழுக்கள் இந்த முறையை இவ்வளவு விரும்புவதற்கு இதுவே காரணம். சுமாரான ஆட்டக்காரரும் தேர்ந்தவரும் சேர்ந்து நடக்க முடிகிறது. மோசமான வானிலை யாரையும் வெளியே தள்ளுவதில்லை. 18 குழிகளுக்கு 36 புள்ளி என்றால் தன் தரத்துக்கு ஆடிவிட்டார் என்று பொருள். கொட்டும் மழையில் 28 எடுத்தவரைப் பாராட்டத் தயங்காதீர்கள்.

மழை நாள் எண்ணை வெயில் நாள் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. 2019 ஓப்பன் போட்டியில், வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷ் மைதானத்தில் ஷேன் லோரி சனிக்கிழமை 63 அடித்தார். ஞாயிறு மழையும் காற்றுமாகப் புரட்டி எடுத்தபோது 72. கோப்பையை 6 அடி வித்தியாசத்தில் வென்றார். அந்த 72ஐ நான் 63க்குக் கீழே வைக்க மாட்டேன்.

குழுவின் பேச்சிலும் காதை வையுங்கள். குடைக்குள் ஒதுங்கும்போது எதிரணிக்காரர்களும் தோளோடு தோள் நிற்க வேண்டியிருக்கிறது. ஒருவர் பந்து மூடுபனிக்குள் போனால் நால்வரும் சேர்ந்து தேடுகிறார்கள்; விதி தருவது மூன்றே நிமிடம். தோட்டத்து விலை, பிள்ளைகளின் படிப்பு, யாருக்கோ நடந்த அறுவைச் சிகிச்சை எல்லாம் அந்தத் தேடலுக்கு நடுவே வந்து போகும். ஆட்டத்தைவிட இந்தக் கூடல் பெரிது என்பதால்தான் மழையிலும் யாரும் வீட்டில் தங்குவதில்லை.

பை தூக்கும் கேடிகளைப் பார்க்காமல் இந்த ரசனை நிறைவு பெறாது. எந்தச் சரிவில் தண்ணீர் இறங்கும், எந்தக் கிரீன் முதலில் வடியும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009இல் அதே பட்டத்தை வென்ற பெங்களூருவின் சின்னசாமி முனியப்பாவும் பை சுமந்து வளர்ந்தவர்தான். அடி விழுவதற்கு முன் கேடி தாழ்ந்த குரலில் சொல்லும் ஒரு வார்த்தை, பல நேரம் அன்றைய ஆட்டத்தின் மிகச் சிறந்த யோசனையாக இருக்கும்.

மழைக்கோட்டு மாட்டிய ஆட்டக்காரர் விரும்பி நனைகிறார். கேடியும், வேலி தாண்டி பிளாஸ்டிக் படுதாவை இடுப்பில் கட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கும் பெண்களும் கூலிக்காக நனைகிறார்கள். 2020 ஆகஸ்டில் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேரைக் கொண்டுபோனது. லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. அதே மலையில் நின்றுதான் நாம் மழையை ரசிக்கிறோம். சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில் ஆட்டமும் வேண்டாம், வேடிக்கையும் வேண்டாம். மற்ற நாளில் ஆடப் போகிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: கேடிக்கும் ஒரு நல்ல மழைக்கோட்டு வாங்கிக் கொடுங்கள். நான்காம் குழியோடு மழை ஆட்டத்தை நிறுத்திவிட்டாலும் அன்றைய கூலியை முழுதாகக் கொடுத்து அனுப்புங்கள்.