இழுவைப் பாதையில் சைக்கிள்: என் பழைய பதிவு ஒன்றின் மறுவாசிப்பு

மூன்று வருடத்துக்கு முன்னால் இதே வலைப்பூவில் ஒரு பயணப் பதிவு போட்டிருந்தேன். தென் பிரான்சில் துலூஸிலிருந்து பெசியே வரை, கனால் டு மிடி என்கிற கால்வாயின் கரையோரமாகவே ஐந்து நாள் சைக்கிள் ஓட்டிய கதை. கார் கிடையாது, ஹாரன் கிடையாது, ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் கோதுமை வயலும் திராட்சைத் தோட்டமும். பின்னூட்டங்களில் பலரும் பாராட்டியிருந்தார்கள். போன வாரம் வேறு எதையோ தேடப்போய் அதைத் திரும்பப் படிச்சேன். கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்தது.

"இயற்கையின் மடியில்" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். "ஆறு மாதிரி வளைந்து நெளிந்து போகுது" என்று ஒரு இடத்தில். "இங்கே எதுவுமே நடப்பதில்லை, அதுதான் இதன் அழகு" என்று கடைசி வரி. மூன்றுமே தப்பு. இது என் ஒருவனுடைய தப்பு மட்டும் இல்லை. பிரான்சின் கிராமப்புறக் கால்வாய்ச் சைக்கிள் பாதைகளைப் பற்றி வருகிற வழிகாட்டி நூல்கள், யூடியூப் வீடியோக்கள், பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் இதே மூன்று வாக்கியங்களைத்தான் மாற்றி மாற்றிச் சொல்கின்றன. அதனால் என் பதிவையே உதாரணமாக வைத்துக்கொண்டு இந்த வகை எழுத்தை விமர்சித்துப் பார்க்கிறேன்.

முதலில் பெயர். நாம் சைக்கிள் ஓட்டுகிற அந்தக் கரைக்குப் பிரெஞ்சில் 'ஷெமேன் து அலாஜ்' என்று பெயர். அலாஜ் என்றால் கயிறு கட்டி இழுப்பது. அதாவது இழுவைப் பாதை. இன்ஜின் வருவதற்கு முன்னால் சரக்குப் படகுகளைக் குதிரைகள் இந்தக் கரையில் நடந்து இழுத்தன. குதிரைக்கு வசதியில்லாத பிரெஞ்சுப் படகோட்டிக் குடும்பங்கள் தோளில் பட்டை மாட்டிக்கொண்டு தாங்களே இழுத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் இழுத்திருக்கிறார்கள், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும். இப்போது சுற்றுலாப் பலகைகளில் 'பசுமை வழி' என்று எழுதியிருக்கிறது. பெயர் மாறியதில் பெரிய குற்றமில்லை. ஆனால் பாதை ஏன் இவ்வளவு சமதளமாக இருக்கிறது என்ற கேள்விக்கான பதில் பழைய பெயரில்தான் இருக்கிறது.

சமதளம் என்பதைச் சும்மா சொல்லவில்லை. துலூஸிலிருந்து நோரூஸ் என்ற இடம் வரை சுமார் 50 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் 60 மீட்டருக்கும் குறைவு. அந்த ஏற்றமும் மொத்தமாக வராது. படகுகளை ஒரு மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்கு ஏற்றி இறக்குகிற, இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டிகள் உண்டு, 'லாக்' என்பார்கள். லாக் வருகிற இடத்தில் மட்டும் பாதை சட்டென்று இரண்டு மூன்று மீட்டர் ஏறும், மறுபடி தட்டையாகிவிடும். கியரைக் குறைக்க வேண்டி வந்தால் லாக் வந்துவிட்டது என்று அர்த்தம். என் பதிவில் "முட்டிக்கு வலியே இல்லாத பயணம்" என்று சிலாகித்திருக்கிறேன். அந்தச் சுகம் குதிரைக்காகச் செய்து வைத்தது. நமக்கு அது ஓசியில் கிடைத்தது.

அடுத்தது "ஆறு மாதிரி வளைந்து" என்ற வரி. பெசியேவுக்கு மேற்கே 54 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு லாக்கூட இல்லாத பகுதி ஒன்று இருக்கிறது. கால்வாய் அங்கே குன்றுகளைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. எதிரே தெரிகிற கிராமம் அரைமணி நேரம் ஓட்டியும் கிட்ட வராது. அதைத்தான் நான் ஆற்றின் விளையாட்டு என்று எழுதினேன். ஆறு பள்ளத்தைத் தேடி ஓடும், போகப்போக இறங்கும். இந்தக் கால்வாய் இறங்காமல் இருப்பதற்காக வளைகிறது. ஒரே உயரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் லாக் கட்டுகிற செலவு மிச்சம். ஒவ்வொரு வளைவும் 17-ஆம் நூற்றாண்டில் யாரோ மட்டம் பார்த்துக் குறித்த கோடு. இயற்கை என்று நான் ரசித்தது ஒரு சர்வேயை.

அந்த வேலையின் அளவையும் கொஞ்சம் பார்க்கலாம். 1666-ல் பதினான்காம் லூயி அனுமதி கொடுத்தார். எடுத்துச் செய்தவர் பியர்-போல் ரிக்கே. பொறியியல் படித்தவர் இல்லை, உப்பு வரி வசூலித்தவர். பெரிய சிக்கல் மேட்டுப் பகுதிக்குத் தண்ணீர் எப்படி வரும் என்பதுதான். ரிக்கே 'கருமலை' என்று பெயர்கொண்ட மலைத்தொடரின் ஓடைகளைத் திருப்பி, சேன்-ஃபெரியோலில் அணை கட்டித் தேக்கி, வாய்க்கால் வழியாக நோரூஸுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து தண்ணீர் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி அட்லாண்டிக் பக்கமும் மறுபாதி மத்தியதரைக் கடல் பக்கமும் போகிறது. உச்சக்கட்டத்தில் சுமார் 12,000 பேர் வேலை செய்தார்கள். சந்திரா முகர்ஜி 2009-ல் எழுதிய 'இம்பாசிபிள் இன்ஜினியரிங்' நூல் இதில் பெண் தொழிலாளர்களின் பங்கை எடுத்துக்காட்டுகிறது. பிரனீஸ் மலைக் கிராமங்களிலிருந்து வந்த அந்தப் பெண்களுக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுகிற அனுபவ அறிவு இருந்தது என்பது அவர் வாதம். ரிக்கே 1680-ல் இறந்தார். கால்வாய் திறந்தது 1681-ல். என் பதிவில் ரிக்கேவுக்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தேன், அதுவும் சிலையோடு எடுத்த போட்டோவின் கீழே. அந்தப் பெண்கள் இல்லவே இல்லை.

மூன்றாவது வரிதான் மோசமானது. "எதுவுமே நடப்பதில்லை." உண்மையில் அங்கே நடந்துகொண்டிருந்தது நின்றுபோயிருக்கிறது. 1857-ல் போர்தோவிலிருந்து செத் துறைமுகம் வரை ரயில் பாதை முடிந்தது. அடுத்த வருடமே கால்வாயை 40 வருடக் குத்தகைக்கு விட்டார்கள், அதுவும் அந்த ரயில் கம்பெனியிடமே. போட்டியாளன் கையில் சாவியைக் கொடுத்த மாதிரி. 1879-ல் பிரான்ஸ் முழுக்க லாக்குகளை ஒரே பெரிய அளவுக்குக் கொண்டுவர ஒரு சட்டம் வந்தது. கனால் டு மிடியின் நடுப்பகுதி லாக்குகள் அந்த அளவுக்குக் கடைசிவரை பெரிதாக்கப்படவே இல்லை. பெரிய படகுகள் வர வழியில்லாமல் சரக்குப் போக்குவரத்து 20-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஓய்ந்தது. நாம் 'பழமை மாறாத அழகு' என்று சொல்வது ஒரு வகையில் முதலீடு வராமல் போனதன் மிச்சம். 1996-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

லாக் காவலர் வீடுகளில் ஒரு சின்னப் பலகை இருக்கும். முந்தைய லாக் எத்தனை மீட்டர், அடுத்த லாக் எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். படகோட்டிக்கு அது வேலைக் கணக்கு. நான் அதன் முன்னால் காபி குடித்தபடி செல்ஃபி எடுத்திருக்கிறேன். சில வீடுகள் கஃபே ஆகிவிட்டன, சிலது பூட்டிக் கிடக்கின்றன.

இந்தப் பார்வை நம் காலத்தில் மட்டும் வந்ததில்லை. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1876-ல் பெல்ஜியத்திலிருந்து வடபிரான்ஸ் கால்வாய்கள், ஆறுகள் வழியாகச் சிறு படகில் போய், 1878-ல் 'ஆன் இன்லண்ட் வாயேஜ்' என்ற நூலாக எழுதினார். அப்போது குதிரைகள் இழுத்துக்கொண்டிருந்தன, வேலை அவர் கண்முன்னே நடந்தது. ஆனாலும் அவருக்குச் சரக்குப் படகுக்காரர்களின் வாழ்க்கை கவலையில்லாத, மெதுவான கனவாகத்தான் தெரிந்தது. வழியில் அவரைத் தெருவில் கூவி விற்கிற வியாபாரி என்று நினைத்து நடத்தியபோது மட்டும் உறுத்தியது. நல்ல எழுத்தாளர், நகைச்சுவை அருமை. இருந்தாலும் ஓய்வுக்காக வந்தவன் கண்ணுக்கு எல்லாமே ஓய்வாகத் தெரியும் என்பதற்கு அந்த நூல் ஒரு சாட்சி. அவரிடம் இருந்த குறையை 140 வருடம் கழித்து நான் அப்படியே காப்பி அடித்திருக்கிறேன், அவருடைய நடை இல்லாமல்.

'நீ போனதே ஓய்வுக்குத்தானே, சைக்கிள் ஓட்டினோமா சந்தோஷமா இருந்தோமான்னு விடாம இதுல என்ன ஆராய்ச்சி' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கரையை ரசிப்பதற்கு வரலாற்றுப் பரிட்சை எழுத வேண்டியதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் இந்தப் பார்வை நிஜமாகவே கெடுதல் செய்கிறது. மரங்கள் விஷயத்தில்.

அந்தக் கால்வாயின் அடையாளமே இருபக்கமும் குடை பிடிக்கிற பிளேன் மரங்கள்தான். சுமார் 42,000 இருந்தன. 2006-ல் கால்வாய்க் கரையில் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து கிடையாது. பிடித்த மரத்தையும் பக்கத்து மரங்களையும் வெட்டி எரிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் வெட்டியாகிவிட்டது. நான் போனபோதே கிலோமீட்டர் கணக்கில் மொட்டைக் கரை இருந்தது. பதிவில் என்ன எழுதினேன் தெரியுமா? "அந்தப் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள், வெயில் கொல்லுது." பல வழிகாட்டிகளின் அறிவுரையும் இதுதான்.

பிளேன் மரங்கள் தானாக முளைத்த காடு இல்லை. பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டில் நட்டவை. வேர் கரையைப் பிடித்து நிறுத்துகிறது, நிழல் தண்ணீர் ஆவியாவதைக் குறைக்கிறது. அவையும் கால்வாயில் வேலை பார்த்தவை. நோய் பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம், படகுகள் வேர்களில் உரசுவதும் மரத்தில் கயிறு கட்டுவதும். சரக்கு நின்றபின் அங்கே ஓடுகிறவை பெரும்பாலும் வாடகை உல்லாசப் படகுகள். நிழலை ரசிக்க வந்தவர்களே நிழலைக் கொண்டுபோகவும் காரணமாகியிருக்கிறார்கள். இப்போது ஒரே இனமாக இல்லாமல் பல இனங்களைக் கலந்து நடுகிறார்கள். அந்தக் கன்றுகள் குடை பிடிக்க இன்னும் பல பத்தாண்டு ஆகும்.

இதற்கெல்லாம் பணம் வேண்டும், ஆள் வேண்டும். பிரான்சின் சுமார் 6,700 கிலோமீட்டர் நீர்வழிகளைப் பராமரிக்கிற அரசு நிறுவனம்தான் இதையும் பார்த்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் படகுகளை நிறுத்திவிட்டு, கால்வாயைப் பகுதி பகுதியாக வடித்துப் பழுதுபார்ப்பார்கள். அந்த மூடலுக்குப் பெயர் 'ஷோமாஜ்'. பிரெஞ்சில் வேலையில்லாத் திண்டாட்டத்துக்கும் அதே சொல்தான். ஆனால் கால்வாயில் வேலை மும்முரமாக நடக்கிறதே அந்த மாதங்களில்தான். வசந்தத்தில் போகிற சைக்கிள்காரனுக்கு அது தெரியாது. நிழலும் தட்டையான தரையும் தானாக இருக்கின்றன என்று நம்புகிறவன் அவை போகும்போது வேறு பாதைக்கு மாறிவிடுவான். யாரோ பார்த்துக்கொண்டதால் இருக்கின்றன என்று தெரிந்தவன் மொட்டைக் கரையிலும் ஓட்டுவான். எரிச்சலோடுதான், ஆனாலும் ஓட்டுவான்.

பழைய பதிவை அழிக்கவில்லை. பின்னூட்டம் போட்டவர்களுக்கு அது நியாயமாக இருக்காது. "தவிர்த்துவிடுங்கள்" என்ற வரியை மட்டும் அடித்துவிட்டு, "தொப்பியும் இரண்டு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போங்கள், புதுக் கன்றுகளைப் பாருங்கள்" என்று சேர்த்திருக்கிறேன். கீழே இந்தக் கட்டுரைக்குச் சுட்டி இருக்கும்.