சோழகங்கமும் கீழணையும்
கீழ்நாட்டார் அருளையே நாடினர், மேல்நாட்டார் பொருளையே நாடினர் என எழுதுவார் பலர். உடையார்பாளைய வட்டாரத்து வரலாறு இக்கூற்றுக்கு இடந்தருவதன்று. கங்கைகொண்ட சோழபுரத்திற் சிவபிரானுக்குத் தளியெடுத்த முதலாம் இராசேந்திரனே, பதினாறு மைல் நீளக் கரையுடைய சோழகங்கம் என்னும் பேரேரியையும் வகுத்தான். திருவாலங்காட்டுச் செப்பேடு அதனை நீராலாகிய வெற்றித்தூணாகக் கூறும். பொருளை அவன் இகழ்ந்திலன்.

1836-இற் கொள்ளிடத்திற் கீழணை கட்டிய ஆங்கிலேயர், அக்கோயிலின் திருமதிலைப் பெயர்த்துக் கற்களைக் கொண்டுசென்றனர். ஏழைமக்கள் தடுத்தும் பயனில்லை. ஈடாகச் செங்கல்மதில் எழுப்புவதாகச் சொன்ன சொல்லும் காற்றிற் போயிற்று. அவ்வணையாற் சிதம்பரப் பகுதிக் கழனிகள் விளைதலை மறைத்தல் நேர்மையன்று. நீர்வேட்கை இருவர்க்கும் ஒன்றே. சோழன் கோயிலொடு நீரை வைத்தான். கும்பினியார் கோயிலைக் கொடுத்து நீரை வாங்கினர். வேற்றுமை இவ்வளவே.

ஏரியோ ஆங்கிலேயர் அணைகட்டுமுன்னரே பாழ்பட்டுக் காடாயிற்று. படையெடுத்து வந்தோர் வேண்டுமென்றே அழித்தனரென்பது ஊர்வழக்கு; அப்பழியையும் மேல்நாட்டார்மேல் ஏற்றுதல் ஒவ்வாது.