உழைப்பாளி என்று ஒரு வசை

மிரோஸ்லாவ் க்ளோசேயை நான் முதலில் பார்த்தது 2002 ஜூன் 1 சாயங்காலம். சப்போரோவில் ஜெர்மனியும் சவுதி அரேபியாவும் ஆடின. ஜெர்மனி 8–0. அதில் மூன்று, க்ளோசே தலையால் முட்டியவை. சிவகாசியை ‘குட்டி ஜப்பான்’ என்று நேரு சொன்னதாக எங்க ஊரில் சொல்லிக்கொள்வார்கள். அந்தக் குட்டி ஜப்பானில் உட்கார்ந்து பெரிய ஜப்பானில் நடந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்திருந்த அத்தை, மூன்றாவது கோல் விழுந்ததும் கேட்டாள்: “ஏய்யா, பந்து வர்றதுக்கு முன்னாடியே அவன் அங்க நிக்கானே, அவனுக்கு யாரு சொன்னா?”

க்ளோசேயைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்பதேயில்லை. எண்ணிக்கையைச் சொல்வார்கள்: ஜெர்மனிக்காக 137 ஆட்டம், 71 கோல். நான்கு உலகக் கோப்பைகளில் 24 ஆட்டம், 16 கோல். அதுக்கப்புறம் ஒரு ‘ஆனால்’ வரும். ஆனால் அவர் மேதை இல்லை, கடும் உழைப்பாளி. போலந்தில் பிறந்து சிறுவனாக ஜெர்மனிக்கு வந்தவர், தச்சுத்தொழில் பழகியவர், 1998 வரைக்கும் ஏழாம் நிலை கிளப்பில் ஆடியவர் என்று கதை போகும். எல்லாமே உண்மைதான். அந்த உண்மையை எதுக்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் எனக்குச் சண்டை.

ரொனால்டோவின் கோலுக்குக் கவிதை எழுதுகிறவர்கள், க்ளோசேயின் கோலை ‘டேப்-இன்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். பதினாறு கோலும் பெனால்டி பாக்சுக்குள் இருந்து அடித்தவை. ஏழு, தலையால். தூரத்திலிருந்து வலை கிழிய அடித்தது ஒன்றுகூடக் கிடையாது. அதனால் அழகில்லை என்கிறார்கள். பந்தை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்.

2010இல் இங்கிலாந்துக்கு எதிராக அடித்ததை மறுபடி பாருங்கள். கோல்கீப்பர் நாயர் தன் எல்லையிலிருந்து ஓங்கி உதைக்கிறார். பந்து காற்றில் இருக்கும்போதே க்ளோசே இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவில் ஓட ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் அப்சன் தோளால் தள்ளுகிறார். விழப்போகிற உடம்பு, நீட்டிய கால், ஒரு விரல் நுனித் தொடல். கடைசித் தொடல் சின்னதுதான். அதுக்கு முந்திய ஐந்து நொடியில் அவர் போட்ட கணக்கு சின்னதில்லை. 2014இல் கானாவுக்கு எதிராக இறங்கின இரண்டாவது நிமிடத்தில், கார்னரிலிருந்து வந்த பந்து ஒரு தலையில் பட்டுத் திரும்புகிறது. தூரத்துக் கம்பத்தருகே சறுக்கிக்கொண்டு க்ளோசே. அங்கே பந்து வரும் என்பது எல்லாருக்கும் வந்த பிறகுதான் தெரிந்தது.

இதை அறிவு என்று சொல்லாமல் உழைப்பு என்று ஏன் சொல்கிறோம்? எங்க ஊர்க்காரனுக்கு இந்தத் தந்திரம் நல்லாவே தெரியும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். ஊரின் தொடக்கமே ஒரு படிப்பு. ஆனால் ஊருக்குக் கிடைத்த பட்டம் என்னவோ ‘சுறுசுறுப்பான மக்கள்’. அத்தை பார்க்காமலே தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குவாள். ஒரு குச்சி வளைந்திருந்தால் விரல் தானாக ஒதுக்கும். அதைத் திறமை என்று யாரும் எழுதவில்லை, எழுதினால் கூலி கூட்டிக் கேட்பாளோ என்னவோ. சின்னப் பிள்ளைகள் பெட்டி ஒட்டின காலத்தையும் ‘உழைப்பு’ என்கிற இதே வார்த்தைதான் மூடி வைத்தது.

க்ளோசேயைப் புனிதராக்கவும் எனக்கு விருப்பமில்லை. 2002இன் ஐந்து கோலும் முதல் சுற்றில் வந்தவை. நாக்-அவுட்டில் ஒன்றுமில்லை, இறுதியாட்டத்தில் ரொனால்டோ இரண்டு அடித்துக் கோப்பையைக் கொண்டுபோனார். பிரேமனில் 2005–06 சீசனில் 25 கோல் அடித்து பன்டஸ்லீகாவில் முதலிடம் பிடித்தவர், பயர்னில் 2009–10 லீகில் அடித்தது மூன்றே மூன்று. அடுத்த மாதமே உலகக் கோப்பையில் நான்கு. வெறும் உழைப்புதான் காரணமென்றால் இந்த வித்தியாசம் எப்படி வரும்? இரண்டு சட்டையிலும் உழைத்தது ஒரே ஆள்தான். தேசிய அணி அவர் நிற்கிற இடத்தைப் புரிந்துவைத்துப் பந்தை அனுப்பியது. அவருடைய ஆட்டம் தனியாள் வித்தையில்லை, மற்றவர்களை வாசிக்கிற வித்தை. அதுவே அவருடைய எல்லையும்கூட.

2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். இந்த மாதிரி நாட்களில் எங்க பக்கத்துச் செய்திகளில் ‘உராய்வு ஏற்பட்டு’, ‘தீப்பற்றி’ என்று வாக்கியங்கள் வரும். வாக்கியத்தில் எழுவாய் இருக்காது. செய்தது யாரும் கிடையாது. அதிலிருந்து மூன்று வாரம் கழித்து நேப்பிள்சில், லாசியோவுக்காக க்ளோசே ஒரு கோல் போட்டார். நடுவர் ஒப்புக்கொண்டுவிட்டார். க்ளோசே அவரிடம் போய், பந்து என் கையில் பட்டது என்றார். கோல் ரத்தானது. லாசியோ 0–3 தோற்றது. ஒரு பந்தையும் இத்தனை உயிரையும் ஒரே தராசில் வைக்க நான் துணியமாட்டேன். ஆனாலும் அந்த மாதம் ‘நான்தான்’ என்று எழுவாயோடு ஒருத்தர் பேசிக் கேட்டபோது, ராத்திரி ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை.

2014 ஜூலை 9, நம்ம நேரத்துக்கு அதிகாலை ஒன்றரை மணிக்கு பிரேசிலோடு அரையிறுதி. 23ஆவது நிமிடம். முதல் அடியை ஜூலியோ சீசர் தடுத்தார், திரும்பி வந்ததை க்ளோசே உள்ளே தள்ளினார். 16. ரொனால்டோவின் சாதனை அவருடைய சொந்த நாட்டிலேயே போனது. இறுதியாட்டத்தில் 88ஆவது நிமிடம் க்ளோசே வெளியே வந்தார். அவர் இடத்துக்கு வந்த கோட்சே 113இல் கோல் போட, கோப்பை ஜெர்மனிக்கு. அந்தக் கோலுக்குக் கவிதைகள் வந்தன.

அந்தக் கோப்பையில் கானா கோலுக்கப்புறம் 36 வயதில் வழக்கமான குட்டிக்கரணம் அடித்து, சரியாக இறங்காமல் பின்பக்கம் தரையில் பட விழுந்தார். டிவியில் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். அப்புறம், “எறங்குறதுல தப்புனாலும் நிக்க வேண்டிய எடத்துல நின்னுட்டாம்லா” என்றாள். க்ளோசே பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதைவிட நல்லது இன்னும் கிடைக்கவில்லை.