ஹோர்ஃபில்ம்: ஜெர்மன் தொலைக்காட்சி ஒலிவிவரணையில் கூட்டுப்பணி

ஒலிவிவரணை என்பது திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், நாடகம் முதலியவற்றில் கண்ணால் மட்டுமே அறியக்கூடிய செய்திகளை உரையாடல்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் ஒரு குரல் சொல்லிச் செல்லும் முறையாகும். பார்வையற்றோரும் குறைபார்வையுடையோரும் படத்தைப் பிறர் துணையின்றிப் பின்தொடர இது உதவுகிறது. இவ்வாறு விவரணை சேர்க்கப்பட்ட படத்தை ஜெர்மன் மொழியில் 'ஹோர்ஃபில்ம்' என்பர். 'கேட்கும் படம்' என்று அதற்குப் பொருள். விவரணையை எழுதும் குழுவில் பார்வையற்ற ஒருவரும் ஆசிரியராக இடம்பெறுவது ஜெர்மன் முறையின் சிறப்பு.

படத்தைக் காதால் கேட்பது தமிழருக்குப் புதிதன்று. வானொலியில் ஞாயிறுதோறும் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்றும் உண்டு. ஆனால் ஒலிச்சித்திரம் படத்தின் ஒலித்தடத்தைச் சுருக்கித் தருவது. வசனம் இல்லாத காட்சி அதில் பெரும்பாலும் வெட்டுப்பட்டுப் போகும். ஒலிவிவரணையின் வேலையோ வசனம் நின்ற இடத்தில்தான் தொடங்குகிறது.

தோற்றம்

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் கிரகரி ஃபிரேசியர் 1970களில் இக்கருத்தைத் தம் முதுகலை ஆய்வில் வளர்த்தெடுத்தார். 1981இல் வாஷிங்டனின் அரீனா ஸ்டேஜ் நாடக அரங்கில் மார்கரெட், கோடி ஃபான்ஸ்டீல் இணையர் நேரடி விவரணையைத் தொடங்கினர். பாஸ்டனின் டபிள்யு.ஜி.பி.எச். நிலையம் 1990இல் தொலைக்காட்சிக்கு முறையான சேவையை ஏற்படுத்தியது. ஜெர்மனியில் 1989இல் மியூனிக் நகரில் முதல் முயற்சி நடந்தது. இசட்.டி.எஃப். 1993இல் விவரணையுடன் ஒரு படத்தை ஒளிபரப்பியது. பின்னர் பவேரிய ஒலிபரப்பு நிறுவனம் இதைத் தன் நிலையான பணிகளுள் ஒன்றாக்கிக்கொண்டது.

பணிமுறை

ஜெர்மன் குழுவில் தொடக்கத்தில் மூவர் இருந்தனர்: பார்வையுள்ள இருவர், பார்வையற்ற ஒருவர். படத்தைக் காட்சி காட்சியாக நிறுத்தி, இடைவெளிகளை நொடிக்கணக்கில் அளந்து, வாக்கியங்களை உரக்கச் சொல்லிப் பார்த்து எழுதுவர். ஒன்றரை மணி நேரப் படத்துக்கு இப்படிப் பல நாட்கள் ஆகும்.

பார்வையற்ற ஆசிரியரின் பங்கை உணர ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஒருவர் கதவைத் திறந்து அறைக்குள் வருகிறார். தொலைபேசி இருமுறை ஒலித்து ஓய்கிறது. இழுப்பறை ஒன்று திறக்கும் ஓசை, பிறகு ஏதோ உலோகம் உரசும் ஓசை. கண்ணால் பார்த்து எழுதுபவர், 'அவர் கதவைத் திறந்து உள்ளே வருகிறார், தொலைபேசி ஒலிக்கிறது' என்று எழுதிவிடக்கூடும். கதவும் தொலைபேசியும் காதுக்கே தெரிந்தவை. அவற்றைச் சொல்வது வீண். பார்வையற்றவர் கேட்கும் கேள்வி வேறு. இழுப்பறையைத் திறந்தது உள்ளே வந்தவரா, ஏற்கெனவே அறையில் இருந்தவரா? உரசியது கத்தியா, சாவியா? திரையில் அது கண்ணெதிரே தெரிவதால் பார்வையுள்ளவருக்கு அந்த ஐயமே எழாது. முதல் வாக்கியம் நீக்கப்பட்டு, 'மேசை இழுப்பறையிலிருந்து சாவிக்கொத்தை எடுக்கிறார்' என்பது அதே சில நொடிகளுக்குள் அமர்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்க்கும் பார்வையுள்ளவருக்கு இது கைவராது. அவர் படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டவர்.

ஞாயிறு இரவுகளில் 1970 முதல் வெளிவரும் 'டாட்டோர்ட்' போன்ற துப்பறியும் தொடர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. கையுறை அணிந்த கை மட்டும் திரையில் தெரியும்போது, முழுப் படத்தையும் பார்த்த எழுத்தாளருக்கு அது யாருடைய கை என்பது தெரியும். பெயரைச் சொன்னால் கதை கெடும். ஒன்றுமே சொல்லாவிட்டால் கேட்பவர் பின்தங்குவார். அக்கை மேல்சட்டையின் பொத்தானைத் திருகும் பழக்கம் உடையதாக இருந்தால், அதே பழக்கத்தை முன்பு வந்த காட்சியிலும் சொல்லியிருக்க வேண்டும். ஆகவே குழு பின்னோக்கிச் சென்று பழைய வாக்கியத்தைத் திருத்துகிறது.

எழுத்துப் படி முடிந்தபின் ஆசிரியர் ஒருவர் மேற்பார்க்கிறார். குரல் கலைஞர் வாசிக்கிறார். ஒலிப்பொறியாளர் விவரணை வரும் இடங்களில் படத்தின் ஒலியைச் சற்றுத் தாழ்த்திக் கலக்கிறார். இப்போது இது தனி ஒலித்தடமாக ஒளிபரப்பாகிறது.

மதிப்பீடு

பிரிட்டனில் பொதுவாக ஒருவரே எழுதுகிறார்; பல சமயம் அவரே வாசிக்கவும் செய்கிறார். வேறொரு விவரணையாளர் சரிபார்ப்பார். பார்வையற்றோர் கருத்து ஆய்வுகளின் வழியாகவும் அமைப்புகளின் வழியாகவும் வந்து சேரும். 2000இல் வெளியான வழிகாட்டு நெறிகளும், அலைவரிசைகளுக்கு விதிக்கப்பட்ட 10 விழுக்காட்டுக் கட்டாயமும் அங்கே பணியைப் பரவலாக்கின. வாரத்தில் பல நாள் வரும் தொடருக்கு மூவர் உட்கார்ந்து எழுதுவது நடவாத காரியம். அவ்வகையில் பிரிட்டன் முறையைக் குறை சொல்வது முறையன்று. ஆனால் பழகிய நடிகர்களும் பழகிய வீடுகளும் கொண்ட தொடர் வேறு, மௌனத்தால் கதை சொல்லும் படம் வேறு. இரண்டாம் வகைக்கு ஜெர்மன் முறைக்கு ஈடில்லை.

'கண்டதைச் சொல், பொருள் சொல்லாதே' என்பது ஆரம்பக்கால அமெரிக்க விவரணையாளர்கள் வகுத்த விதி. கேட்பவருக்காக வேறொருவர் முடிவு செய்யக் கூடாது என்ற மதிப்பு அதில் உண்டு. ஆயினும் அதைக் கண்டிப்பாகப் பின்பற்றினால், 'உதடுகளின் ஓரம் கீழிறங்குகிறது, புருவங்கள் நெருங்குகின்றன' என்று முகத்தை உறுப்பு உறுப்பாகப் பிரிக்க நேரும். கேட்பவர் அவற்றைக் கூட்டி முடிப்பதற்குள் அடுத்த வசனம் வந்துவிடும். பிறவியிலேயே பார்வையற்றவருக்குப் புருவ அசைவு எதையும் உணர்த்தாமலும் போகலாம். 'வருத்தத்தோடு பார்க்கிறாள்' என்ற இரு சொற்கள் போதுமான இடமும் உண்டு. எந்த இடம் எது என்று முடிவு செய்ய, கேட்பவர் தரப்பிலிருந்து ஒருவர் மேசையில் இருப்பது நல்லது.

ஜெர்மன் முறைக்கும் குறை உண்டு. ஒரு பார்வையற்றவர் எல்லோருக்கும் பதிலாக முடியாது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர், ஐம்பது வயதில் இழந்தவர், திரைக்கு மிக அருகில் அமர்ந்து மங்கலாகப் பார்ப்பவர் ஆகிய மூவரின் தேவையும் ஒன்றன்று. நிறத்தைச் சொல்ல வேண்டுமா என்ற கேள்வியிலேயே இவர்கள் வேறுபடக்கூடும். குறைபார்வையுடையோர் ஆசிரியராக அமர்வது குறைவு. இது சரிசெய்யப்பட வேண்டிய ஒன்று.

இதைவிடப் பெரிய கவலை வேறு. 2013இல் ஜெர்மனியின் ஒலிபரப்புக் கட்டண முறை மாறியது. அதுவரை விலக்குப் பெற்றிருந்த பார்வையற்றோர் பலர் அப்போதிருந்து மூன்றில் ஒரு பங்கு கட்டணம் செலுத்துகின்றனர். பணம் கொடுப்பவருக்குப் படம் வேண்டும் என்ற நியாயமான எதிர்பார்ப்பால் விவரணையுள்ள நிகழ்ச்சிகள் பெருகின. எண்ணிக்கை பெருகும்போது குழு சுருங்குகிறது. மூவர் இருவராகின்றனர், சில தயாரிப்புகளில் பார்வையற்றவர் முடிந்த படியைக் கடைசியில் கேட்டுப் பார்ப்பவராக மட்டும் ஆகிறார். அந்த நிலையில் தவறான சொல்லைத் திருத்தலாம். சொல்லாமல் விடப்பட்டதைக் கண்டுபிடிப்பது கடினம். செயற்கைக் குரல் பற்றிய விவாதம் இப்போது சூடாக நடக்கிறது. யார் வாசிப்பது என்பதைப் போலவே யார் எழுதுவது என்பதையும் அதில் கேட்க வேண்டும்.

ஜெர்மன் பார்வையற்றோர், குறைபார்வையுடையோர் கூட்டமைப்பு 2002 முதல் சிறந்த ஹோர்ஃபில்ம்களுக்கு விருது வழங்கி வருகிறது. படம் முடிந்ததும் விவரணையை எழுதியோர் பெயர்களைக் குரல் வாசிப்பது அங்கு வழக்கம். அவர்களுள் பார்வையற்றவர் யார் என்பது பொதுவாக அதில் சொல்லப்படுவதில்லை.