படம் காத்திருக்க வேண்டும், பிள்ளை அல்ல

கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் பாடங்களைத் தருகிறது. குருவிட்ட பகுதித் தோட்டமொன்றின் லயத்திலிருந்து ஒரு பிள்ளை கைப்பேசியில் இத்தகைய பாடத்தைத் திறந்தால் படம், குரல், எழுத்து மூன்றும் ஒருங்கே இயங்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

எல்லாவற்றையும் ஒரே காணொளியாக்குவது முதல் வழி. உதட்டசைவும் குரலும் பிரியாமல் காக்க இதைவிட எளிய முறை இல்லை. ரால்ஃப் ஸ்டைன்மெட்ஸ் 1996இல் வெளியிட்ட ஆய்வின்படி, இவ்விரண்டும் 80 மில்லிசெக்கன் வரை விலகினால் பார்ப்பவர் உணர்வதில்லை; 160ஐத் தாண்டினால் உறுத்தும். காணொளியில் பதிந்துள்ள நேரக்குறிகள் இந்த எல்லையைக் காக்கின்றன.

மொழி மாறும்போதுதான் குறை தெரிகிறது. சிங்கள விளக்கத்தின் நீளத்துக்கு அமைத்த, தாவரம் பற்றிய அசைவுப்படத்தில் தமிழ்க் குரலை ஏற்றினால், குரல் இலையைப் பற்றிச் சொல்லும்போது படம் வேருக்குப் போய்விடும். ஈடுகட்ட, குரல் கொடுப்பவர் அவசரப்படுகிறார், பாதிக்கப்படுவது பிள்ளை.

இரண்டாவது வழி, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1998 ஜூனில் பரிந்துரைத்த ஸ்மில் மொழி. படம், குரல், எழுத்து ஆகியவற்றைத் தனிக் கோப்புகளாக வைத்து, எது எதனுடன் ஓட வேண்டும், எது எதன் பின் வர வேண்டும் என்பதை மட்டும் அது எழுதிவைக்கிறது. 'குரல் முடிந்ததும் அடுத்த படம்' என்று விதித்துவிட்டால், தமிழ் விளக்கம் நீண்டாலும் படம் காத்திருக்கும். பயனரின் மொழிக்குரிய குரலைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் உண்டு.

இதற்கும் குறைகள் உண்டு. மலைகளுக்கிடையே சிக்னல் தளரும்போது ஒரு கோப்பு பிந்தினால், இறுகப் பிணைத்த மற்றவையும் நிற்கும். 2001இல் வந்த இரண்டாம் பதிப்பு, எதை இறுக்கலாம், எதை நழுவவிடலாம் எனக் குறிக்க வழிசெய்தது. ஆனால் அந்த முடிவை எடுப்பது பாடம் அமைப்பவரின் சுமை. உலாவிகளும் ஸ்மிலை முழுமையாக ஏற்கவில்லை. வாசிக்கும் வரியை ஒளிர்த்துக் காட்டும் ஈபப் 3 மின்னூல்களில் அதன் ஒரு பகுதி வாழ்கிறது.

ஆகவே இரண்டையும் இணைப்பதே தகும். உதட்டசைவு முக்கியமான காட்சிகள் குறுங்காணொளிகளாக இருக்கட்டும். விளக்கப் பகுதிகளில் குரலே கடிகாரமாகி, படம் அதன் வாக்கியங்களைத் தொடரட்டும். ஒரு பகுதிக்குரிய கோப்புகள் யாவும் இறங்கிய பிறகே அது ஓடத் தொடங்கட்டும். பாடம் தயாரிப்போர் தமிழ்க் குரலை முடிவில் ஒட்டாமல், திட்டமிடும் முதல் நாளிலேயே அதற்குரிய நேரத்தை ஒதுக்க வேண்டும்.