பெறுநர் இல்லாமல் வாசிக்கப்படும் கடிதம்

குத்துக்கல்வலசையில் உட்கார்ந்து லத்தீன் கடிதக் கவிதைகளைப் படிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. தென்காசி போய் பஸ் ஏறினால் கடையம். 1918 டிசம்பரில் நிபந்தனைகளோடு விடுதலையான பாரதி வந்து தங்கிய ஊர். அங்கே வாழ்ந்த காலத்தில்தான், 1919 மே மாதம், எட்டயபுரம் ராஜாவுக்குச் சீட்டுக்கவி எழுதினார்.

அதன் சில வரிகள் நம்மில் பாதிப்பேருக்கு மனப்பாடம். ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறோம், டி-ஷர்ட்டில் போட்டிருக்கிறோம். புதிய கவிதைக்கான பிரகடனமாக. அது பணமுடையில் இருந்த ஒரு மனுஷன் ஜமீன்தாருக்கு எழுதிய கடிதம் என்பது மட்டும் எப்படியோ கழன்று விழுந்துவிட்டது.

சீட்டுக்கவி ஏதோ மட்டமான யாசகச் சரக்கு என்றொரு நினைப்பு நமக்கு. பதினோராம் திருமுறையின் முதல் பாட்டே சிபாரிசுக் கடிதம்தான். மதுரைச் சிவன், பாணபத்திரருக்குப் பொருள் கொடுக்கச் சொல்லி சேரமான் பெருமாளுக்கு எழுதுகிறார். அனுப்புநர், பெறுநர், கொண்டுவருபவர், விஷயம் எல்லாம் உள்ளே இருக்கிறது. கடவுளே எழுதிவிட்ட வகைமைக்கு என்ன வெட்கம்?

ரோமில் இரண்டு பேரைப் பார்க்கலாம். ஹொரேஸ், தன் புரவலர் மைசீனஸிடம் ஐந்து நாளில் திரும்புவதாகச் சொல்லிவிட்டு ஆகஸ்ட் முழுக்க கிராமத்திலேயே தங்கிவிடுகிறார். அப்புறம் கவிதையாக ஒரு கடிதம்: கொடுத்ததையெல்லாம் வேண்டுமானால் திருப்பித் தருகிறேன், என் சுதந்திரத்தைத் தரமாட்டேன். அழகான கடிதம்தான். ஆனால் நிலம் ஏற்கெனவே கைக்கு வந்தவர் பேசுகிற பேச்சு அது. ஒவிட் நிலைமை வேறு. கி.பி. 8இல் கருங்கடல் கரைக்கு நாடு கடத்தப்பட்டவர். அகஸ்டஸுக்கு ஒரு புத்தகம் முழுக்க ஒரே கடிதமாக எழுதிக் கெஞ்சினார். ஊர் திரும்பாமலே செத்தார். அந்தக் கெஞ்சலுக்குள் நக்கலும் இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

பாரதி இருந்தது ஒவிடின் நிலையில். பேசியது ஹொரேஸின் குரலில், இன்னும் ஒரு படி மேலேயே. தமிழுக்குப் பெரும்புகழ்க் கவிஞன் இல்லை என்ற வசை என்னால் தீர்ந்தது என்கிறார். கவி கேள், சால்வை கொடு, பொற்பை கொடு, பல்லக்கு அனுப்பு என்று பட்டியல் போடுகிறார். இது கேட்பதா, உத்தரவா? உதவி வாங்கும் உபாயமாகப் பார்த்தால் படுமோசமான கடிதம். ராஜாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

டி-ஷர்ட் வரியில் காணாமல் போவது இந்த ஆபத்துதான். கையில் காசில்லாத ஒருவன், காசு வைத்திருப்பவன் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னான். பெறுநரை வெட்டிவிட்டால் மிஞ்சுவது வெறும் தற்பெருமை.

வாசிக்கும்போது 1897 ஜனவரியில் அதே அரண்மனைக்கு எழுதிய விண்ணப்பக் கவிதையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவருக்கு வயது 14. கேட்டது படிப்புக்கு உதவி.